பெற்றோரின் உயரம்

தன்னையும் சுவரோரம் நிறுத்தி அளப்பார்கள் என்று யார் கண்டது, நீந்தப்போவது பெண், அளக்கவேண்டியது பெண்ணை, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் காத்திருப்பதுதான் அம்மாவின் வேலை என்றல்லவா நினைத்து வந்தாள், அதனால்தானே இருப்பதிலேயே தடித்த குதிகால் வைத்த செருப்பாகப் பார்த்து மாட்டிக்கொண்டு வந்தாள், பெரிய மனுஷர்கள் நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் பேச்சு தலைக்கு மேலேயே போய்விடக்கூடாதே என்று... இப்போது பார், அளவெடுக்கிற இளைஞர் கழுத்தில் நாடாவும் கையில் அட்டையுமாக நின்றுகொண்டு, செருப்பைக் கழட்டிட்டு வந்து நில்லுங்கம்மா என்கிறார், பன்னிரண்டு வருஷமாகக் காலணிக் கடையில் குனிந்து நிமிர்ந்து ஊரார் கால்களிடம் இதே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருக்கிறவளிடம் வந்து சொல்கிறார். கழற்றினாள். இரண்டு அங்குலம் போயிற்று. தரை ஈரமாகச் சில்லென்றிருந்தது, நீச்சல் குளத்துப் பார்வையாளர் படிகளுக்கு அடியில் இருக்கிற அறை, மருந்து கலந்த தண்ணீரின் வாடை சுவரிலேயே ஊறிப்போயிருந்தது, சுவரில் ஆணியடித்த நீண்ட அளவுகோல், அதில் மேலும் கீழும் வழுக்குகிற இரும்புப் பட்டை. குதிகாலைச் சுவரோடு ஒட்டி வைங்க, முகவாயை நேரா வைங்க, மூச்சை இழுத்துக்கங்க. இழுத்துக்கொண்டாள், இழுத்த மூச்சில் ஏதாவது கூடுமா என்று கொஞ்சம் அதிகமாகவே இழுத்துக்கொண்டாள், பட்டை வந்து உச்சந்தலையில் டக்கென்று உட்கார்ந்தது, கடையில் மேல்தட்டுப் பெட்டி நழுவித் தலையில் விழுவதைப்போல. "நூத்தி நாப்பத்தொம்பது." நூத்தி அம்பதுன்னு போட்டுக்குங்களேன் சார், ஒண்ணுதானே என்று கேட்டுவிட்டாள், கேட்ட பிறகுதான் கூசியது, கடையில் யாராவது, ஏழாம் நம்பர்தான் ஆனா எட்டுன்னு எழுதிக்கொடும்மா என்று கேட்டால் இவளே சிரிக்கமாட்டாளா. இளைஞர் சிரிக்கவில்லை, அட்டையில் எழுதினார், அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

சரி, எதற்கு இந்த அளவெல்லாம்? காலையில் எட்டு மணிக்கு ஒருத்தி விடாமல் பதினொரு பெண்களையும் குளத்தில் இறக்கி ஐம்பது மீட்டர் நீந்தவிட்டார்கள், அவள் மகள் முப்பத்திரண்டு புள்ளி நாலு விநாடியில் சுவரைத் தொட்டாள், பதினொன்றில் மூன்றாவது, சிறப்புப் பயிற்சிக்கு எடுக்கப்போவது நாலு பேரை, அப்படியானால் கணக்கு முடிந்துவிட்டது அல்லவா, வீட்டுக்குப் போகவேண்டியதுதானே. கடிகாரம் ஒன்று சொல்லும்போது நாடா எதற்குக் குறுக்கே வருகிறது? கேட்டாள், கேட்காமல் இல்லை. தலைமைப் பயிற்சியாளர் அம்மா, கட்டையாக வெட்டிய தலைமுடி, நல்ல உயரம், தோள் ஒரு கதவு அகலம், பொறுமையாகத்தான் பதில் சொன்னார். இன்னைக்கு இருக்கிற வேகம் இன்னைக்குத்தாம்மா. நாங்க எடுக்கிறது இந்தப் பொண்ணை இல்ல, அஞ்சு வருஷம் கழிச்சு வரப்போற பொண்ணை. கை நீளமா இருந்தா ஒரு தடவை வீசினா போற தூரம் ஜாஸ்தி, உயரம் இருந்தா திரும்பும்போதும் தொடும்போதும் லாபம். உங்க பொண்ணு இப்ப ஜெயிக்கிறது உழைப்புல. மத்தவங்களும் உழைக்க ஆரம்பிச்சா? இதற்கு என்ன சொல்வது? உழைப்பது ஒரு குறையா? நாளைக்கு அவர்கள் உழைப்பார்கள் என்று இன்றைக்கு உழைத்தவளை நிறுத்திவைப்பது எந்த ஊர் நியாயம்... ஆனால் தலை தானாக ஆடியது, ஏனென்றால் அவளே தினம் இதைத்தானே செய்கிறாள், வளர்ற பிள்ளை சார், ஒரு நம்பர் கூடவே எடுங்க, ஆறு மாசத்துல கால் வந்துரும் என்று வராத காலுக்கு விற்கிறாளே, அந்தக் கால் வந்ததா இல்லையா என்று ஒரு நாளாவது போய்ப் பார்த்திருக்கிறாளா.

மகளை அளந்தபோது கதவோரம் நின்று பார்த்தாள். பன்னிரண்டு வயசு, உயரம் நூற்று நாற்பத்து மூன்று. இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டச் சொல்லி, சுவரில் ஒரு கையின் நடுவிரல் நுனியிலிருந்து மறு கையின் நடுவிரல் நுனிவரைக்கும் நாடாவை இழுத்தார்கள், நூற்று நாற்பத்திரண்டு. உயரத்தைவிட ஒன்று குறைவு. அடுத்து நின்றது ஒரு நெட்டைப் பெண், காலையில் ஏழாவதாக வந்தவள், அவள் கையை விரித்ததும் நாடா போதாமல் இளைஞர் நாலடி நடந்து போய் மறு நுனியைத் தேடவேண்டியிருந்தது, நூற்று அறுபத்தெட்டு என்றதும் அறையில் இருந்த எல்லோர் முகத்திலும் ஒரு வெளிச்சம், தலைமைப் பயிற்சியாளர் எழுந்தே வந்துவிட்டார், அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார், துணிக்கடையில் பட்டுச்சேலையை விரலால் நெருடிப் பார்க்கிறமாதிரி. அந்தப் பெண்ணோ தோளைக் குறுக்கிக்கொண்டு, எப்போது விடுவார்கள் என்று நின்றாள். இவள் மகள் இன்னும் கையை நீட்டினபடியே நின்றுகொண்டிருந்தாள், கீழே போடச் சொல்ல யாருக்கும் ஞாபகமில்லை. அந்தக் கை... பிறந்தபோது ஆஸ்பத்திரியில் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு நாத்தனார் சொன்னாளே, கையைப் பாரு, அப்படியே அம்மா கை, மொட்டைக் கை என்று, எல்லோரும் சிரித்தார்கள், இவளும்கூடச் சிரித்தாள், அன்றைக்கு அது ஒரு குழந்தையின் கை, அவ்வளவுதான், அதற்கு ஒரு நாள் பரீட்சை வைப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்.

அப்போதுதான் இளைஞர் படிவத்தைப் புரட்டி, அப்பா எங்கம்மா என்றார். அப்பா வரலை. வருவாரா? வரமாட்டாரு. படிவத்தில் தந்தையின் உயரம் என்ற கட்டத்தில் நூற்று எண்பத்து மூன்று என்று மகளின் குண்டு குண்டான கையெழுத்தில் இருந்தது, போன வாரம் கடை மேசையில் வைத்து இவள் கையெழுத்துப் போட்ட படிவம், அப்பா எவ்ளோ உயரம்மா என்று கேட்டாள், ஆறடி, எதுக்கு என்றாள் இவள், சும்மா ஃபார்ம்ல கேட்டிருக்கு. வாயால சொல்றதை எடுத்துக்க முடியாதும்மா, போன வருஷம் வந்த அப்பாக்கள் எல்லாருமே ஆறடின்னு எழுதியிருந்தாங்க என்றார் இளைஞர். அப்பா நேரில் வராவிட்டால் சராசரி என்று ஒன்று போடுவார்களாம், நூற்று அறுபத்தைந்து, பிறகு அப்பா உயரத்தையும் அம்மா உயரத்தையும் கூட்டிப் பதிமூன்றைக் கழித்துப் பாதியாக்கினால் பெண் வளர்ந்து எவ்வளவு நிற்பாள் என்று தோராயமாகத் தெரிந்துவிடுமாம், இங்கே எதிர்பார்ப்பது நூற்று அறுபது. கடையில் தள்ளுபடி நாட்களில் மனக்கணக்கு போட்டுப் போட்டுப் பழகிய மண்டை, உடனே போட்டது, சராசரி அப்பா என்றால் நூற்று ஐம்பதரை, ஆறடி அப்பா என்றால் நூற்று ஐம்பத்தொன்பதரை. அரைதான் குறையும், அரையைப் பார்த்துக்கொள்வார்கள், மனுஷர்கள்தானே. ஒன்பது சென்டிமீட்டர்! அந்த ஆள் ஒரு சுவரோரம் ஒரு நிமிஷம் வந்து நின்றால் ஒன்பது சென்டிமீட்டர். ஏழு வருஷமாக விடியற்காலை ஐந்து மணிக்கு எழுப்பி, தூங்கித் தூங்கி விழுகிறதைப் பேருந்தில் தோளில் சாய்த்துக்கொண்டு வந்து, குளத்தோரம் ஈரத் துண்டோடு நின்று, காதில் சீழ் வைத்தபோது ஆஸ்பத்திரி, தோள் வலித்தபோது ஒத்தடம், இதற்கெல்லாம் அந்தப் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை, விட்டுவிட்டுப் போனவனுக்குக் கட்டம் இருக்கிறது. "மூணு மணிக்குள்ள வரச்சொல்லுங்கம்மா. அதுக்கப்புறம் லிஸ்ட் போட்டுருவோம்." மணி இரண்டு பத்து.

எங்கே போய் வரச்சொல்வது? வேலை தேடி அடுத்த ஊருக்குப் போனவன், வேலை கிடைத்த பிறகும் திரும்பவில்லை, மின்தூக்கி பழுதுபார்க்கிற வேலை, நாலு ஊர் மாறினான் என்று கேள்வி, கையெழுத்துப் போடவேண்டிய காகிதங்களில் கையெழுத்துப் போட்டு அனுப்பினான், அதோடு சரி, பழைய எண் எப்போதோ செத்துப்போயிற்று, புது எண்ணை இவள் யாரிடமும் கேட்டதில்லை, கேட்கமாட்டேன் என்று இருந்தாள், அது ஒரு வீம்பு, அந்த வீம்பில்தான் பாதி நாள் ஓடியது. நாத்தனாரிடம் கேட்கலாம். கேட்டால் அந்தம்மா முதலில் ஒரு பெருமூச்சு விடும், அந்தப் பெருமூச்சு முடியவே மூன்று மணி ஆகிவிடும். தாழ்வாரத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள், கையில் செருப்பு, மாட்டிக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை. பெஞ்சில் மகள் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள், நம்பர் வேணுமா என்றாள், யார் நம்பர், அப்பா நம்பர் என்றாள், சொன்னாள், பத்து எண்களையும் மூச்சு விடாமல், வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல. குழந்தை முகத்தைப் பார்த்தாள். அது துண்டைப் பார்த்தது. "எப்பலேருந்து?" "போன வருஷத்துலேருந்து. இந்த ஊருக்கே மாத்தி வந்துட்டாரும்மா. புதன்கிழமை புதன்கிழமை சாயங்காலப் பிராக்டீஸ் பார்க்க வருவாரு. மேல உக்காந்து பார்த்துட்டுப் போயிடுவாரு, அவ்ளோதான்." அவ்ளோதானாம். புதன்கிழமை... புதன்கிழமைகளில் கடையில் சரக்கு வருகிற நாள், இவள் எட்டு மணிக்கு முன்னால் வீடு திரும்பியதில்லை, புதன்கிழமை ராத்திரிகளில் பெண் மட்டும் என்னவோ கலகலவென்று இருக்கும், தட்டை அதுவே கழுவி வைக்கும், நீச்சல் நல்லது, மனசுக்கு நல்லது என்று பக்கத்து வீட்டம்மாவிடம்கூடச் சொல்லிப் பெருமைப்பட்டாளே, ஐயோ, எவ்வளவு பெருமையாகச் சொன்னாள். ஏன் எங்கிட்ட சொல்லலை என்று வாய்வரைக்கும் வந்தது, வந்ததை விழுங்கினாள், மணி இரண்டு பதினெட்டு, சண்டை போட இது நேரமில்லை, சண்டைக்கு மூன்று மணிக்கு மேல் ஆயுசு முழுக்க இருக்கிறது.

அழுத்தினாள். மணி அடிக்கும்போதுதான் இன்னொரு சங்கடம் தட்டியது, என்னவென்று கூப்பிடுவது? அந்தக் காலத்தில் என்னங்க. இப்போது யாருடைய என்னங்க? சார் என்றா சொல்வது, கடைக்கு வருகிறவனைப்போல? எடுத்துவிட்டான்.

"ஹலோ?"

"நான்தான்."

"சொல்லு. பாப்பாவுக்கு என்ன?"

"அவளுக்கு ஒண்ணுமில்ல. உங்க உயரம் வேணும்."

"என்னது?"

"உயரம். நேர்ல வந்து அளவு குடுக்கணுமாம். நீச்சல் குளத்துல. மூணு மணிக்குள்ள."

"வந்து நின்னா போதுமா?"

"நின்னா போதும்."

"வரேன்" என்றான், வைத்துவிட்டான். எங்கிருந்து வருகிறான், எவ்வளவு நேரமாகும், ஒன்றும் கேட்கவில்லை, கேட்டிருக்கவேண்டும், எப்போதும் இப்படித்தான், வரேன் என்பான், அந்த வரேனை நம்பி எத்தனை ராத்திரி சாப்பாட்டை மூடி வைத்து... சரி விடு. வாசலைப் பார்த்து நின்றுகொண்டாள். ஆறடி. உயரம் என்றால் எப்படிப்பட்ட உயரம், பெண் பார்க்க வந்த அன்றைக்கு வாசல் நிலையில் இடித்துக்கொண்டானே, அப்பா பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார், இவள் கொண்டுபோய்க் கொடுத்தபோது டம்ளரை மேலே தூக்கித்தான் நீட்டவேண்டியிருந்தது. சமையலறையில் மேல்தட்டு முழுக்க அவன் ராஜ்ஜியம், ஸ்டூல் போடாமல் கையை உயர்த்தி டப்பாவை எடுத்துக் கொடுப்பான், எடுத்துக் கொடுக்கும்போது ஒரு தடவையாவது தலையில் தட்டிவிட்டுத்தான் கொடுப்பான், போன பிறகு ஒரே நாளில் எல்லா டப்பாவையும் கீழே இறக்கினாள், இன்றைக்கும் மேல்தட்டு காலி, தூசியைத் துடைக்கக்கூட ஏறியதில்லை. கோபம் வந்து சண்டை போடும்போதுகூட அவள் அண்ணாந்து கத்தவேண்டியிருக்கும், கழுத்து வலிக்கும், அண்ணாந்து கத்துகிறவள் வாயிலிருந்து நியாயம் வந்தாலும் யாருக்குக் கேட்கும், நாத்தனார் சொல்லுவாள், ஆறடி மனுஷனை இந்த விரற்கடை என்ன பாடு படுத்துது பாரு என்று...

நாலு நிமிஷம்கூட ஆகவில்லை, அம்மா என்றாள் மகள். வாசல் பக்கமிருந்து இல்லை, மாடிப்படிப் பக்கமிருந்து வந்தான், மேலே பார்வையாளர் வரிசையிலிருந்து இறங்குகிற படி. கையில் காலித் தண்ணீர் பாட்டில், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, வெயிலில் உட்கார்ந்து உட்கார்ந்து ஒரு பக்கக் கன்னம் மட்டும் சிவந்திருந்தது. அப்படியானால் காலையிலிருந்தே. எட்டு மணியிலிருந்தே அங்கேதான், இவள் தலைக்கு நேர் மேலே, மகள் சுவரைத் தொட்டபோது இவள் கத்தினாளே, அந்தக் கத்தலையும் கேட்டிருப்பான். இளைத்திருந்தான். முன்மண்டையில் முடி பின்வாங்கியிருந்தது. வணக்கம் சொல்வதா வேண்டாமா என்று அவனுக்கும் தெரியவில்லை, பாட்டிலை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான், "எங்க நிக்கணும்?" என்றான். மகள்தான் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனாள், அப்பா இந்தப் பக்கம், என்ன சுளுவாக வருகிறது அந்த வார்த்தை.

ஷூவைக் கழற்றினான். பார்க்கக்கூடாது என்றுதான் நினைத்தாள், பார்க்காமல் இருக்க முடிந்தால் அவள் அந்தத் தொழிலில் இருந்து என்ன பிரயோஜனம், ஒரு நம்பர் பெரிய ஷூ, யாரும் அளவு பார்த்து விற்காத ஷூ, இடது குதிகால் வெளிப்பக்கமாகத் தேய்ந்திருந்தது, நெடுநேரம் ஒரே காலில் பாரம் போட்டு நிற்கிறவர்களுக்குத்தான் அப்படித் தேயும், சாக்ஸில் கட்டைவிரல் வெளியே எட்டிப் பார்த்தது, அதை மற்ற விரல்களுக்கு அடியில் மடக்கி மறைத்துக்கொள்ளப் பார்த்தான். குதிகாலை ஒட்டி வைங்க சார். வைத்தான். முகவாயை நேரா. மூச்சை இழுத்துக்கொண்டான், இவளைப்போலவே கொஞ்சம் அதிகமாகவே. மகள் நீச்சல் தொப்பியைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றாள். பட்டை மேலிருந்து வழுக்கி இறங்கியது, போதும், அங்கேயே நின்றுவிடேன், அங்கேயே, போதும் போதும்... என்று இவளுக்குள் யாரோ கெஞ்சினார்கள், பட்டை நிற்கவில்லை, இன்னும் இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது, டக்.

"நூத்தி எழுபத்தி நாலரை."

"இன்னொரு தடவை அளங்க சார். கழுத்தைக் குனிஞ்சிட்டாரு."

"இல்ல, நேராத்தான் நிக்கறேன்" என்றான் அவன், சுவரோடு ஒட்டினபடியே.

"நீங்க சும்மா இருங்க. முதுகை நிமித்துங்க. எப்பப் பாரு கூன் போட்டுக்கிட்டு."

சொல்லி முடித்த பிறகுதான் காதில் விழுந்தது. இளைஞர் அட்டையைப் பார்த்தார், மகள் வேறெங்கோ பார்த்தாள், அவன் மட்டும் சொன்னபடி முதுகை நிமிர்த்தினான், மறுபேச்சு இல்லாமல், தோளைப் பின்னால் தள்ளி, கண்ணை மூடிக்கொண்டு, தடுப்பூசிக்குக் கையை நீட்டிவிட்டு நிற்கிற பள்ளிப் பிள்ளையைப்போல நின்றான். இன்னொரு தடவை பட்டை இறங்கியது. அதே நாலரை. இளைஞர் நல்லவர், சமாதானம் சொன்னார், காலைல அளந்திருந்தா ஒண்ணு கூட வந்திருக்கும்மா, மத்தியானத்துக்கு மேல எல்லாருமே கொஞ்சம் அமுங்கிடுவாங்க. அவளுக்குத் தெரியும், பாதம் அப்படியே தலைகீழ், காலையில் சிறிசு, சாயங்காலம் வீங்கும், அதனால்தான் ஷூ வாங்க சாயங்காலம் வாருங்கள் என்பாள், ஆகமொத்தம் பொழுது சாயச்சாய ஆள் குறைந்துகொண்டும் கால் பெருத்துக்கொண்டும் போகிறது, ஒன்றும் நின்ற இடத்தில் நிற்பதில்லை... கணக்கு தானாக ஓடியது, நூற்று ஐம்பத்தைந்தே கால். சராசரி அப்பாவைவிட நாலே முக்கால் அதிகம்தான். அறுபதுக்கு நாலே முக்கால் குறைவு. நடுவில் கொண்டுவந்து நிறுத்திவிட்டான், எப்போதும்போல, முழுசாக இல்லாமலும் போகமாட்டான், முழுசாக இருக்கவும் மாட்டான்.

ஆனால் ஆறடி என்று யார் சொன்னது? அவன் சொன்னானா? தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தாள், பெண் பார்த்த அன்று சொன்னானா, இல்லை, வாயே திறக்கவில்லை. தரகர் சொன்னாரா, நல்ல உயரம் என்றார், அளவு சொல்லவில்லை. ஆறடி மனுஷன் என்று நாத்தனார் சொன்னது பிற்பாடு, அதுவே இவள் யாரிடமோ சொல்லி அது அவள் காதுக்குப் போய்த் திரும்பி வந்ததுதானோ என்னவோ. நிலையில் இடித்துக்கொண்டானே... அவர்கள் வீட்டு நிலை குட்டை, அப்பாவே இடித்துக்கொள்வார். நூற்று நாற்பத்தொன்பதில் நின்று அண்ணாந்து பார்க்கிறவளுக்கு எழுபத்து நாலு என்ன, எண்பத்து மூன்று என்ன, எல்லாம் வானம்தான். ஏழு வருஷமாக அவள் மல்லுக்கு நின்றது ஒரு ஆறடி ஆளோடு, ஆறடிக்குத் தகுந்த கோபம், ஆறடிக்குத் தகுந்த அழுகை, இங்கே சாக்ஸ் ஓட்டையை மறைத்துக்கொண்டு ஷூ நாடா கட்டுகிறவன் வேறு யாரோ. இதில் எரிச்சல் குறையவேண்டும் அல்லவா? குறையவில்லை. கூடியது. இவ்வளவுதானா, இவ்வளவுக்காகவா என்று கூடியது. அதைவிட மோசமான ஒன்று, பட்டை இறங்கினபோது நின்றுவிடேன் என்று கெஞ்சியது பெண்ணுக்காகத்தான், சந்தேகமே இல்லை, பெண்ணுக்காகத்தான்... முழுக்கவுமா?

மூன்றே காலுக்குப் பட்டியலை ஒட்டினார்கள். நாலு பெயர். நெட்டைப் பெண்ணின் பெயர் இரண்டாவதாக இருந்தது. கீழே ஒரு கோடு போட்டு, காத்திருப்போர் என்று எழுதி, அதில் முதல் பெயர் மகளுடையது. தலைமைப் பயிற்சியாளர் அம்மா வெளியே வந்தார், ஆறு மாசம் கழிச்சு மறுபடி அளப்போம், நடுவுல யாராவது விலகினா கூப்பிடுவோம், உன் கிக் ரொம்ப நல்லா இருக்கு, விட்டுறாதே என்றார். எங்க போய் அளப்பீங்க, அதே சுவத்துலதானே, அதே அம்மா அப்பாதானே என்று கேட்க நாக்கு துடித்தது, கேட்கவில்லை, அந்தம்மா முகத்திலும் ஒரு சங்கடம் இருந்தது, ஏழாவதாக வந்தவளை எடுத்ததில் அவருக்கே முழுத் திருப்தி இல்லையோ, அல்லது அப்படி இருக்கட்டும் என்று இவள் ஆசைப்பட்டாளோ. மகள் அழுவாள் என்று துண்டைத் தயாராக வைத்திருந்தாள். அழவில்லை. நெட்டைப் பெண்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள், நீயும் வருவேன்னு நினைச்சேன் பட்டாசு என்றாள், குளத்தில் மகளுக்கு அதுதான் பெயர், உதைக்கிற உதையில் தண்ணீர் வெடிக்குமாம், அதுகூட இன்றைக்குத்தான் தெரிந்தது. நீ டைவ்ல தலையைத் தூக்காதே, அப்பத்தான் உனக்கு ரெண்டு விநாடி குறையும் என்று இவள் மகள் அவளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள், அந்தக் குட்டைக் கையை முன்னால் நீட்டி, இப்படி, இப்படி என்று.

அவன் பட்டியலை மூன்று தடவை படித்தான், மூன்றாவது தடவையில் எழுத்து மாறிவிடும் என்பதுபோல. மகள் பக்கத்தில் வந்து குனிந்து, "மன்னிச்சுக்கடா தங்கம். அப்பா இன்னும் கொஞ்சம் வளர்ந்திருக்கணும்" என்றான். மகள் சிரித்துவிட்டாள். இவளுக்குச் சிரிப்பு வரவில்லை, ஏழு வருஷத்தில் அவன் வாயிலிருந்து வந்து இவள் காதில் விழுந்த முதல் மன்னிப்பு, அதுவும் எட்டரை சென்டிமீட்டருக்கு. பிறகு இவள் பக்கம் திரும்பினான், என்னவோ சொல்ல வந்தான், பாட்டிலைத் திருகினான், வண்டி இருக்கு, ஆனா மூணு பேர் போக முடியாது என்றான். நாங்க பஸ்ல போயிக்கறோம் என்றாள். சரி என்றான். "புதன்கிழமை..." என்று ஆரம்பித்தான். "அது உங்க ரெண்டு பேர் விஷயம்" என்றாள், வெடுக்கென்றுதான் சொல்ல நினைத்தாள், வந்தது என்னவோ வேறு மாதிரி, பாதியில் காற்றுப் போனமாதிரி.

பேருந்தில் இடம் கிடைத்தது, மகள் ஜன்னலோரம், பையிலிருந்து ரொட்டியை எடுத்துப் பிய்த்துத் தின்றுகொண்டே வந்தாள், ஈர முடி இவள் தோளை நனைத்தது. எவ்வளவு கேட்கவேண்டியிருந்தது, ஒரு வருஷத்துப் புதன்கிழமைகள், ஐம்பத்திரண்டு புதன்கிழமைகள், கேட்க ஆரம்பித்தால் குழந்தையை அதட்டுகிற குரலாகிவிடும், அதட்டுகிற நாளா இது... மகளே பேசினாள், வாயில் ரொட்டியோடு.

"அப்பா நூத்தி எழுபத்தஞ்சுன்னு எனக்கு முன்னாடியே தெரியும்மா."

"எப்படி?"

"கேட்டேன். சொன்னாரு."

"அப்ப ஏண்டி நூத்தி எண்பத்தி மூணுன்னு எழுதின?"

மகள் தோளைக் குலுக்கினாள். இதில் என்ன கேள்வி என்பதுபோல ஒரு பார்வை. "உன்கிட்டயும் கேட்டேன்ல. நீ ஆறடின்னு சொன்னே" என்றாள், சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், வெளியே யாரோ ஒரு பெரியவர் இரண்டு கையிலும் மடக்கு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடக்கப் பார்த்துக்கொண்டிருந்தார், அதைப் பார்த்துச் சிரித்தாள். தெரிந்தே எழுதியிருக்கிறாள். இவள் சொன்னதை இவள் கையெழுத்துப் போடுகிற காகிதத்தில், பொய் என்று தெரிந்தும், அப்படியே. பன்னிரண்டு வயசு. அப்படியானால் அவனிடம் இருக்கும்போது அவன் சொல்வதையும் அப்படியே வைத்துக்கொள்வாள் அல்லவா, மறுக்காமல், திருத்தாமல், பத்திரமாக, அவன் என்ன சொல்லியிருப்பான், மேல்தட்டைப் பற்றி, அண்ணாந்து கத்தியதைப் பற்றி, அந்தக் கதையில் வருகிற அம்மா எவ்வளவு இருப்பாள், இதே நூற்று நாற்பத்தொன்பதுதானா, இன்னும் சின்னவளா, இல்லை யாரும் நினைக்காத அளவுக்குப் பெரியவளா... கேட்டால் சொல்லிவிடுவாள், பத்து எண்களைச் சொன்னமாதிரி மூச்சு விடாமல் சொல்லிவிடுவாள், அதுதான் பயமாக இருந்தது. வாயைத் திறந்தாள். "பசி அடங்கிச்சா?" என்று கேட்டாள்.